பாட்டியின் சிவப்பு அட்டையும் இனி பிறக்கும் பிள்ளைகளும்

2022 நவம்பர் 19. நாட்டின் 15-ஆவது பொதுத்தேர்தல் நாள். காலை ஏழு மணிக்கே எங்கள் வீட்டில் எல்லாரும் குளித்துத் தயாராகிவிட்டோம். 18 வயதில் வாக்குரிமை வந்த பிறகு நடந்த முதல் பொதுத்தேர்தல் அது. தம்பிக்கு முதல் ஓட்டு. பாட்டியும் நல்ல சேலை ஒன்றைக் கட்டிக்கொண்டு காரில் ஏறி உட்கார்ந்தார். வாக்களிப்பு மையமாக இருந்த பள்ளியின் வாசல் வரை எங்களோடு வந்தார். அதற்கு மேல் வரவில்லை. "நீங்க போய்ப் போட்டுட்டு வாங்க, நான் இங்க நிழல்ல நிக்கிறேன்" என்றார்.

பாட்டி 1951-இல் கோல சிலாங்கூர் பக்கத்தில் ஒரு ரப்பர் தோட்டத்தில் பிறந்தவர். பால்மரம் வெட்டினார். தோட்டம் செம்பனைக்கு மாறியதும் உரம் போட்டார். ஊழியர் சேமநிதிக்குச் சந்தா கட்டினார். எழுபது வருடங்களுக்கு மேல் இந்த மண்ணை விட்டு ஒரு நாள்கூட வெளியே போனதில்லை. ஆனால் அவர் கையில் இருப்பது சிவப்பு அடையாள அட்டை. நிரந்தர வசிப்பிடத் தகுதி, மலாயில் பெமாஸ்தாவுதின் தெத்தாப். 'தெத்தாப்' என்றால் நிலையானது. பாட்டி விஷயத்தில் அந்தச் சிவப்பு நிறம் உண்மையிலேயே நிலைத்துத்தான் போய்விட்டது.

இந்தக் கதை நம் வாசகர்களுக்குப் புதிதல்ல. ஒவ்வொரு தாமானிலும் இப்படி ஒரு பாட்டியோ தாத்தாவோ இருப்பார். தேர்தல் வந்தால் கட்சிக்காரர்கள் அவர்களோடு படம் எடுத்துக்கொள்வார்கள். அந்த முதியவர்களைப் பற்றி நிறையவே எழுதியாகிவிட்டது. இன்னும் பிறக்காத பிள்ளைகளைப் பற்றித்தான் யாரும் பேசுவதில்லை. 2024-இல் நம் அரசமைப்புச் சட்டத்திலிருந்து ஒரு சிறு சொற்றொடரை எடுத்துவிட முடிவாகியிருக்கிறது. என் அம்மாவை இந்நாட்டுக் குடிமகளாக்கிய சொற்றொடர் அது.

சிவப்பு எப்படி வந்தது என்பதைக் கொஞ்சம் பார்த்துவிடலாம்.

மெர்டேக்காவின்போது, 1957 ஆகஸ்டு 31-ஆம் தேதியிலிருந்து இங்கே பிறப்பவர்களுக்குப் பிறந்த மண்ணே போதும் என்று அரசமைப்புச் சட்டம் சொன்னது. 1962-இல் அது மாற்றப்பட்டு, தாய் தந்தையின் தகுதியும் கணக்கில் வந்தது. மெர்டேக்காவுக்கு முன்பு பிறந்தவர்கள் நிலை வேறு. ஏற்கெனவே குடியுரிமை இல்லாதவர்கள் விண்ணப்பித்துப் பதிந்துகொள்ள வேண்டும். வழி கடினமானதல்ல. முதல் ஓராண்டுக்கு மொழித் தேர்வைக்கூடத் தளர்த்தியிருந்தார்கள். லட்சக்கணக்கானோர் அப்போது பதிந்துகொண்டார்கள்.

தோட்டத்தில் ஏன் பலர் விட்டுவிட்டார்கள்? படிப்பறிவில்லை என்று ஒரே வரியில் சொல்லி முடித்துவிடுவது நம்மிடையே ஒரு வழக்கம். எனக்கு அதில் முழு உடன்பாடில்லை. பாட்டி சொல்லும் காரணம் வேறு. பட்டணத்துக்குப் போய் வர ஒரு நாள் வேலை போகும், பேர் விழாது. பிறப்புப் பத்திரம் கையில் இருக்காது, இருந்தாலும் கிராணி எழுதிய பெயர் ஒன்று, வீட்டில் கூப்பிடும் பெயர் ஒன்று. ஆண் மட்டும் போய்ப் பதிந்துகொண்டு, மனைவியை அப்புறம் பார்க்கலாம் என்று விட்ட வீடுகளும் உண்டு. எல்லாவற்றுக்கும் மேலாக, பாட்டியின் அப்பா ஊருக்குத் திரும்பிவிடும் எண்ணத்தில் இருந்தார். திரும்பப் போகிறவனுக்கு எதற்கு இந்த நாட்டுப் பத்திரம் என்பது அவர் கணக்கு. அப்போது பாட்டிக்கு ஆறு வயது. அந்தக் கணக்கில் அவருக்கு எந்தப் பங்கும் இல்லை.

1969-இல்தான் அட்டையின் நிறம் சோற்றுப் பிரச்சினையானது. 1968-ஆம் ஆண்டின் வேலைக் கட்டுப்பாட்டுச் சட்டப்படி, குடிமக்கள் அல்லாதவர்கள் வேலை செய்ய பெர்மிட் வாங்க வேண்டும் என்றாயிற்று. பெர்மிட் கிடைக்காமலும், கிடைக்காது என்ற பயத்திலும் சுமார் 60,000 தோட்டத் தொழிலாளர்கள் குடும்பத்தோடு தமிழகத்துக்குக் கப்பல் ஏறியதாக ஆய்வாளர்கள் எழுதியிருக்கிறார்கள். பாட்டியின் அப்பாவும் ரஜூலாவில் போனார். பாட்டிக்கு அதற்குள் கல்யாணம் ஆகிவிட்டதால் இங்கேயே நின்றுவிட்டார். தாத்தாவுக்கும் சிவப்பு அட்டைதான்.

1972-இல் என் அம்மா பிறந்தார். தாய் சிவப்பு, தகப்பன் சிவப்பு. ஆனால் அம்மாவின் அட்டை நீலம். யாரிடமும் போய் நிற்கவில்லை, போராங் நிரப்பவில்லை, அமைச்சருக்கு மனு எழுதவில்லை. எப்படி?

கூட்டரசு அரசமைப்புச் சட்டத்தின் இரண்டாவது அட்டவணை, இரண்டாம் பகுதி, பிரிவு 1(ஏ). நாட்டுக்குள் பிறக்கும் பிள்ளையின் பெற்றோரில் ஒருவராவது, பிள்ளை பிறக்கும் வேளையில் குடிமகனாகவோ நிரந்தரவாசியாகவோ இருந்தால் அந்தப் பிள்ளை சட்டப்படி தானாகவே குடிமகன். இதில் உள்ள "நிரந்தரவாசியாகவோ" என்ற சொல்தான் தோட்டத்துச் சிவப்பு அட்டையை ஒரு தலைமுறையோடு நிறுத்திவைத்தது. பெரியவர்கள் சிவப்பாகவே கண்ணை மூடினாலும் பிள்ளைகள் நீலமானார்கள். நம்மில் எத்தனை பேருக்கு இந்த வழியாகக் குடியுரிமை வந்தது என்று தெரியாது. அவரவர் தாத்தா பாட்டியின் அட்டையை எடுத்துப் பார்த்தால் தெரியும்.

அந்தச் சொல்தான் இப்போது போகிறது.

அன்று மக்களவையில் நடந்தது

2024 அக்டோபர் 17-ஆம் தேதி அரசமைப்புச் சட்டத் திருத்த மசோதா மக்களவையில் நிறைவேறியது. மூன்றில் இரண்டு பங்குக்கு 148 வாக்குகள் போதும். 206 உறுப்பினர்கள் ஆதரித்தார்கள். மறுநாள் செய்திகளில் எங்கும் ஒரே மகிழ்ச்சி. அந்த மகிழ்ச்சி நியாயமானதும்கூட. வெளிநாட்டில் பிள்ளை பெற்ற மலேசியத் தாய்மார்கள், தந்தைக்கு இருக்கும் உரிமை தங்களுக்கும் வேண்டும் என்று வருடக்கணக்கில் போராடினார்கள். 2021 செப்டம்பரில் உயர்நீதிமன்றத்தில் வென்றார்கள், 2022 ஆகஸ்டில் மேல்முறையீட்டு நீதிமன்றத்தில் தோற்றார்கள். கடைசியில் சட்டமே மாறியது. "தந்தை" என்றிருந்த இடத்தில் பெற்றோரில் ஒருவர் என்ற பொருள் வந்தது.

அதே மசோதாவில்தான் பிரிவு 1(ஏ)-யிலிருந்து நிரந்தரவாசிகளை நீக்கும் திருத்தமும் இருந்தது. தாய்மார்களுக்குக் கிடைத்த வெற்றியின் வெளிச்சத்தில் இது யார் கண்ணிலும் படவில்லை. குடியுரிமைக்காகப் போராடும் அரசு சாரா அமைப்புகள் எச்சரித்துக்கொண்டுதான் இருந்தன. நம் சமூகத்தில் அது பேச்சாகவில்லை. நானும் அப்போது தாய்மார்கள் செய்தியைத்தான் எழுதினேன். அடுத்த வாரம் மசோதாவை எழுத்தெழுத்தாகப் படித்தபோதுதான் அம்மாவின் நினைவு வந்தது.

ஒன்றைத் தெளிவாகச் சொல்லிவிட வேண்டும், வீணான பயம் வேண்டாம். ஏற்கெனவே நீல அட்டை பெற்றவர்களின் குடியுரிமையை இந்தத் திருத்தம் பறிக்காது. திருத்தம் நடைமுறைக்கு வரும் நாளுக்குப் பிறகு பிறக்கும் பிள்ளைகளைப் பற்றியதுதான் இது.

அரசாங்கத் தரப்பு வாதத்தையும் பார்ப்போம். நிரந்தர வசிப்பிடத் தகுதி என்பது வெளிநாட்டவருக்குத் தரப்படும் தகுதி; அவருக்கென்று ஒரு நாடு இருக்கிறது, பிள்ளை அந்த நாட்டின் குடியுரிமையைப் பெறட்டும்; இங்கே வேண்டுமென்றால் விண்ணப்பிக்கட்டும். இதை முட்டாள்தனமான வாதம் என்று தள்ளிவிட முடியாது. கோலாலம்பூரில் பெரிய நிறுவனத்தில் வேலை செய்து, பிறகு நிரந்தரவாசியான ஒரு வெளிநாட்டுப் பொறியியலாளரை நினைத்துக்கொண்டால் சரியாகவே படுகிறது. அவரிடம் கடப்பிதழ் இருக்கிறது. பிள்ளை பிறந்தால் தூதரகத்துக்கு எடுத்துப் போவார்.

பாட்டிக்கு எந்தத் தூதரகம்?

சிக்கல் இங்கேதான். ஒரே நிறத்து அட்டையை இரண்டு விதமான மனிதர்கள் வைத்திருக்கிறார்கள். ஒருவர் வேறொரு நாட்டின் குடிமகன், இங்கே தங்க அனுமதி பெற்றவர். இன்னொருவர் இந்த மண்ணிலேயே பிறந்து, வேறு எந்த நாட்டுக்கும் குடியாக இல்லாதவர். முதல்வருக்குச் சிவப்பு அட்டை கூடுதலாகக் கிடைத்த ஒரு வசதி. இரண்டாமவருக்கு அது ஒன்றுதான் இருக்கிறது. சட்டம் இருவரையும் பிரித்துப் பார்க்கவில்லை. தமிழில் 'குடி' என்ற சொல் வீட்டையும் குறிக்கும், குடும்பத்தையும் குறிக்கும், ஓரிடத்தில் வாழும் மக்களையும் குறிக்கும். குடியிருப்பவர் குடி என்பது சொல்லின் கணக்கு. பல்கலைக்கழகத்தில் இதைப் படித்துவிட்டு வந்து பாட்டியிடம் பெருமையாகச் சொன்னேன். "அப்ப நான் குடியில்லையா?" என்று கேட்டார். அதற்கு எந்த நிகண்டிலும் பதில் இல்லை.

சிவப்பு அட்டைக்காரர்கள் எல்லாரும் கிழவர்கள்தானே, இனி அவர்கள் பிள்ளை பெறப் போகிறார்களா என்று சிலர் கேட்கிறார்கள். கேள்வி நியாயம்தான், ஆனால் உண்மை அப்படியில்லை. வீட்டில் பிறந்து பதியாமல் விடப்பட்டவர்கள், பெற்றோர் யாரென்று பத்திரமில்லாமல் தத்தெடுக்கப்பட்டவர்கள், தாய் ஓரிடம் தகப்பன் ஓரிடம் என்று பிரிந்து, பாட்டி கையில் வளர்ந்தவர்கள் என்று நம்மிடையே இருபது முப்பது வயதுக்காரர்களும் இருக்கிறார்கள். குடியுரிமைக்கு விண்ணப்பித்துக் கிடைக்காமல், அதற்குப் பதிலாகச் சிவப்பு அட்டை பெற்றவர்கள் இவர்களில் உண்டு. இவர்களுக்கும் கல்யாணம் ஆகும், பிள்ளை பிறக்கும்.

தாலி கட்டினால் போதாது

நம் சமூகத்தை இந்தத் திருத்தம் தாக்கப் போகும் இடம் வேறொன்று. இதைக் கொஞ்சம் பொறுமையாகப் படியுங்கள்.

ஓர் இளம் தம்பதியை எடுத்துக்கொள்வோம். கணவன் நீல அட்டை. மனைவி இங்கேயே பிறந்தவள், ஆனால் சிவப்பு அட்டை. கோயிலில் தாலி கட்டினார்கள், ஊர் கூடிச் சாப்பிட்டது. பதிவை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று விட்டுவிட்டார்கள். இப்போது பிள்ளை பிறக்கிறது. அப்பாதான் நீலமாயிற்றே, பிள்ளைக்கு என்ன கவலை என்று நினைப்பீர்கள்.

முஸ்லிம் அல்லாதாரின் திருமணங்கள் 1982 மார்ச் 1-ஆம் தேதியிலிருந்து பதிவு செய்யப்பட வேண்டும். அந்தத் தேதிக்கு முன்பு சடங்குமுறைப்படி நடந்த திருமணங்களைச் சட்டம் ஏற்கிறது. பிறகு நடந்தவற்றுக்குத் தாலி மட்டும் போதாது. பதியாத திருமணத்தில் பிறந்த பிள்ளை சட்டத்தின் பார்வையில் திருமணத்துக்கு வெளியே பிறந்த பிள்ளை. அப்படிப்பட்ட பிள்ளையின் குடியுரிமையைப் பார்க்கும்போது "பெற்றோர்" என்ற இடத்தில் தாயை மட்டும்தான் பார்க்க வேண்டும் என்று அதே இரண்டாவது அட்டவணையின் பிரிவு 17 சொல்கிறது. அப்பாவின் நீல அட்டைக்கு அங்கே வேலையே இல்லை.

இதுவரை இந்தப் பிள்ளையைக் காப்பாற்றியது அம்மாவின் சிவப்பு அட்டை. அம்மா நிரந்தரவாசி, ஆகவே பிள்ளை குடிமகன். திருத்தம் நடைமுறைக்கு வந்த பிறகு அந்த அட்டை பிள்ளைக்கு எதையும் தராது. நீல அட்டை அப்பா பக்கத்தில் நிற்க, பிள்ளையின் பிறப்புப் பத்திரத்தில் "புக்கான் வார்கானெகாரா" என்று எழுதப்படும்.

அப்புறம் திருமணத்தைப் பதிந்தால் சரியாகிவிடாதா? 2021 மே மாதம் கூட்டரசு நீதிமன்றம் இப்படி ஒரு வழக்கைத் தீர்த்தது. தகப்பன் மலேசியர், தாய் பிலிப்பைன்ஸ்காரர், மகன் அங்கே பிறந்தவன். பெற்றோர் திருமணத்தைப் பதிந்தது பிள்ளை பிறந்து சில மாதங்கள் கழித்து. ஏழு நீதிபதிகளில் நால்வர், மகனுக்கு உரிமை இல்லை என்றார்கள். பிறந்த வேளையில் என்ன நிலை என்பதுதான் கேள்வி. இது வெளிநாட்டில் பிறந்த பிள்ளையின் வழக்கு என்றாலும், பிந்திய பதிவை நம்பி யாரும் அசட்டையாக இருக்க முடியாது.

நம் இளைஞர்கள் பதிவை ஏன் தள்ளிப்போடுகிறார்கள் என்பதற்கு ஆயிரம் காரணங்கள். பெண்ணின் பத்திரங்களில் குழப்பம் இருந்தால் பதிவு அலுவலகம் கேள்வி கேட்குமே என்ற பயம் அவற்றில் பெரியது. ஆகவே யாருக்குப் பதிவு மிகவும் தேவையோ அவர்களே மிகவும் ஒதுங்குகிறார்கள். திருமணத்தை நடத்திவைக்கும் ஆலயங்கள் சிலவற்றில் துணைப் பதிவாளர்கள் இருக்கிறார்கள். மண்டபம், நாதஸ்வரம், சாப்பாடு என்று கேட்கிற ஆலய நிர்வாகம், பதிவு ஆயிற்றா என்று ஒரு வார்த்தை கேட்டால் என்ன?

விண்ணப்பிக்கலாமே என்பவர்களுக்கு

குடியுரிமை தானாக வராவிட்டால் விண்ணப்பிக்கும் வழி இருக்கிறது என்று உள்துறை அமைச்சு சொல்கிறது. 15ஏ பிரிவின் கீழ் பிள்ளைகளைப் பதியலாம். உண்மைதான். ஆனால் தானாக வருவது உரிமை. விண்ணப்பித்துப் பெறுவது அரசாங்கத்தின் விருப்பம். இந்த விருப்பத்தின் மீது எந்த நீதிமன்றத்திலும் மேல்முறையீடோ மறுஆய்வோ கிடையாது என்றே அட்டவணை சொல்கிறது.

15ஏ பிரிவிலும் இதே திருத்தம் கை வைத்திருக்கிறது. 21 வயதுக்குள் விண்ணப்பிக்கலாம் என்றிருந்தது 18 ஆகக் குறைகிறது. மூன்று வருடங்கள்தானே என்று தோன்றலாம். நம் வீடுகளில் பிள்ளைக்குக் குடியுரிமை இல்லை என்பது எப்போது தெரிகிறது? பன்னிரண்டு வயதில், மைகார்டு எடுக்கப் போகும்போது. அதுவரை பிறப்புப் பத்திரத்தின் அந்த ஒரு வரியை யாரும் படித்திருக்க மாட்டார்கள். முன்பு தெரிந்த நாளிலிருந்து ஒன்பது வருடங்கள் கையில் இருந்தன, இனி ஆறுதான். முதல் விண்ணப்பம் நிராகரிக்கப்பட்டு மறுபடி போட வேண்டியவர்களுக்கு இந்த மூன்று வருடங்கள் பெரிய இழப்பு. குடியுரிமை இல்லாத பிள்ளை எஸ்.பி.எம். வரை எப்படியோ படித்துவிடும். அதற்குப் பிறகு பிடிபிடிஎன் கடன் இல்லை, அரசாங்க வேலை இல்லை, ஓட்டும் இல்லை.

நியாயமாகச் சொல்ல வேண்டிய இரண்டு விஷயங்கள் உண்டு. உள்துறை அமைச்சர் டத்தோஸ்ரீ சைபுடின் நசுத்தியோன் காலத்தில், வருடக்கணக்கில் தேங்கிக் கிடந்த குடியுரிமை விண்ணப்பங்களுக்கு முன்பைவிட வேகமாக முடிவு கிடைத்து வருகிறது. விண்ணப்பித்தவர்களே அதைச் சொல்கிறார்கள். இன்னொன்று, மசோதாவின் முதல் வரைவில் இதைவிடக் கடுமையான இரண்டு திருத்தங்கள் இருந்தன. பெற்றோர் தெரியாமல் கைவிடப்பட்ட குழந்தைகளுக்கும், எந்த நாட்டுக் குடியுரிமையும் இல்லாமல் இங்கே பிறக்கும் குழந்தைகளுக்கும் இருந்த தானியங்கிப் பாதுகாப்பை அவை எடுத்துவிட்டிருக்கும். பலத்த எதிர்ப்புக்குப் பிறகு 2024 மார்ச்சில் அரசாங்கம் அவற்றைக் கைவிட்டது.

அதனால் பிரிவு 1(இ) இன்னும் சட்டத்தில் நிற்கிறது. நாட்டுக்குள் பிறந்து, பிறப்பால் வேறெந்த நாட்டின் குடியுரிமையும் இல்லாத பிள்ளை மலேசியக் குடிமகன் என்கிறது அது. எந்த நாட்டுக்கும் குடியாக இல்லாத ஒரு சிவப்பு அட்டைத் தாயின் பிள்ளை இந்த வலைக்குள் வர வேண்டும். வரும் என்றே நானும் நம்புகிறேன். ஆனால் நடைமுறை வேறு. எனக்கு ஒரு நாட்டின் குடியுரிமை இருக்கிறது என்று காட்டப் பத்திரம் இருக்கும். எந்த நாட்டின் குடியுரிமையும் இல்லை என்று காட்ட எந்த அலுவலகம் பத்திரம் தரும்? முகப்பிடத்தில் முடிய வேண்டிய காரியம் வழக்கறிஞர், நீதிமன்றம் என்று போகும். அம்மா பிறந்தபோது தாத்தா வழக்குப் போட வேண்டியிருந்தால், அவரிடம் பஸ் காசு இருந்திருக்குமா என்பதே சந்தேகம்.

ஆகவே கேட்க வேண்டியது பெரிய காரியமல்ல. நிரந்தரவாசிகள் என்ற சொல் முழுவதையும் திரும்பக் கொண்டுவாருங்கள் என்றுகூடக் கேட்க வேண்டாம். இந்த மண்ணிலேயே பிறந்த சிவப்பு அட்டைக்காரரின் பிள்ளைக்கு மட்டும் பழைய உரிமை தொடரட்டும் என்று ஒரு விதிவிலக்கு போதும். அந்த 206 பேரில் நம் பிரதிநிதிகளும் இருக்கிறார்கள். தாய்மார்களுக்காக வாக்களித்ததில் தவறில்லை. இந்த விதிவிலக்கைப் பற்றி அவர்கள் எங்கே, எப்போது பேசினார்கள் என்று அடுத்த முறை தொகுதிக்கு வரும்போது கேட்டுப் பாருங்கள்.

வாக்குறுதிகளை மட்டும் நம்பியிருப்பதில் நமக்கு அனுபவம் உண்டு. 2018 தேர்தலில், இந்தியர்களின் குடியுரிமைச் சிக்கல் நூறு நாளில் தீரும் என்றார்கள். அதே ஆண்டு, அறுபது வயதைக் கடந்த 3,407 சிவப்பு அட்டைக்காரர்களுக்குக் குடியுரிமை தரப்படும் என்று அப்போதைய பிரதமர் துன் மகாதீர் அறிவித்தார். பாட்டிக்கு அப்போது 67 வயது. செய்தியை நாளிதழிலிருந்து வெட்டி பிஸ்கட் டின்னில் வைத்துக்கொண்டார். போய் விசாரித்த இடத்தில், அவர் தொண்ணூறுகளில் கொடுத்த விண்ணப்பமே பதிவில் இல்லை என்றார்கள். அந்தத் துண்டுச்செய்தி இன்னும் டின்னில் இருக்கிறது.

வீட்டில் சிவப்பு அட்டைக்காரர் இருந்தால் இந்த வாரமே செய்யக்கூடியவை சில. பதியாத திருமணம் இருந்தால், பிள்ளை பிறக்கும் முன் பதியுங்கள். பிறப்பை 60 நாட்களுக்குள் பதியுங்கள். பத்திரம் கைக்கு வந்ததும் குடியுரிமை என்ற வரியில் என்ன எழுதியிருக்கிறது என்று அங்கேயே நின்று படியுங்கள். தோட்டத்துச் சம்பளச் சீட்டு, தடுப்பூசி அட்டை, தமிழ்ப்பள்ளிப் பதிவு, பழைய சேமநிதிக் கடிதம் எதையும் பழைய காகிதக்காரரிடம் போடாதீர்கள். மெர்டேக்காவுக்கு முன் இங்கே பிறந்த பெரியவர்களுக்கு 16-ஆவது பிரிவின் கீழ் தனி வழி உண்டு, அதற்குக் கேட்கும் மலாய் அறிவு அடிப்படை அளவுதான்.

பாட்டிக்கு மறுபடியும் போராங் எடுத்து வந்திருக்கிறேன். தம்பி சாயங்காலங்களில் ருக்குன் நெகாரா சொல்லிக்கொடுக்கிறான். ஐந்தில் நான்கு வந்துவிட்டது, மூன்றாவதுதான் நழுவுகிறது. பிறப்புப் பத்திரத்தில் அவர் அப்பாவின் பெயரில் ஓர் எழுத்து மாறியிருக்கிறது. அதற்கு ஒரு சத்தியப் பிரமாணம் எடுக்க வேண்டும் என்று முகப்பிடத்தில் சொன்னார்கள். வரும் செவ்வாய்க்கிழமை விடுப்பு எடுத்து அழைத்துப் போகிறேன்.